கேட்காமலே சொல்லியிருக்க வேண்டிய விடுமுறை

கடந்த ஆண்டு பெப்ரவரி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்கள் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் குடியிருக்கும் அக்கா, மூன்று பழைய நாட்காட்டிகளைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். தமிழ்க் கடைகளில் தைப்பொங்கலுக்கு முன்பே இலவசமாகக் கொடுக்கும், சாமி படம் போட்ட மாத நாட்காட்டிகள் அவை. திங்கள், புதன், வெள்ளிக் கட்டங்களில் நீலப் பேனையால் '3' என்று எழுதியிருந்தார். மூன்று மணித்தியாலம் வேலை செய்தேன் என்பதற்கான அடையாளம் அது. உடுப்புக் கழுவி மினுக்கிக் கொடுக்கும் ஒரு சிறிய கடையில் 2022 ஜனவரியிலிருந்து 2024 டிசம்பர் வரை, மாதச் சம்பளம் ஒரு வரம்புக்குள் அடங்கும் சிறு வேலையை ஜேர்மனியில் அழைப்பதுபோல் சொன்னால், மினிஜொப் செய்துவிட்டு, வேறு வேலை கிடைத்ததால் அங்கிருந்து விலகியிருந்தார். கடைசி மாதச் சம்பளம் சரியாக வந்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்லும்படி கேட்கவே வந்தார்.

சம்பளம் சரியாகத்தான் இருந்தது. "எத்தனை நாள் ஊர்லாப் எடுக்காமல் மிச்சம் இருந்தது அக்கா?" என்று கேட்டேன். ஊர்லாப் என்றால் சம்பளத்துடன் கூடிய விடுமுறை. அவர் என்னைப் பார்த்த பார்வையில், நான் ஏதோ தெரியாத்தனமாகக் கேட்டுவிட்டேன் என்ற பரிவுதான் இருந்தது. "மினிஜொப்காரருக்கு ஏது தங்கச்சி ஊர்லாப்? போனால் காசு, போகாவிட்டால் காசில்லை" என்றார்.

நான் ஜேர்மனியில் ஒரு வரி ஆலோசகரின் அலுவலகத்தில் சிறிய நிறுவனங்களுக்கான சம்பளக் கணக்குகளைச் செய்யும் வேலையில் பன்னிரண்டு ஆண்டுகளாக இருக்கிறேன். அக்கா சொன்ன அந்த வார்த்தையை வேலையாட்களிடமிருந்தும் கேட்டிருக்கிறேன், முதலாளிகளிடமிருந்தும் கேட்டிருக்கிறேன். இரு தரப்பும் ஒரே பிழையை ஒரே உறுதியோடு நம்பும்போது, அந்தப் பிழைதான் வழக்கமாகிவிடுகிறது. அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

ஜேர்மனியின் விடுமுறைச் சட்டம் 1963 ஆம் ஆண்டிலிருந்து நடைமுறையில் உள்ளது. அதன்படி ஊழியர் ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்குக் குறைந்தது 24 வேலைநாட்கள் சம்பளத்துடன் கூடிய விடுமுறை உண்டு. இந்த 24 என்ற எண் பலரைக் குழப்புகிறது. சட்டம் சனிக்கிழமையையும் வேலைநாளாக எண்ணி, வாரத்துக்கு ஆறு நாட்கள் என்ற கணக்கில் எழுதப்பட்டது. ஆகவே 24 நாட்கள் என்பது நான்கு வாரங்கள். வாரத்தில் ஐந்து நாட்கள் வேலை செய்பவருக்கு 20 நாட்கள், நான்கு நாட்கள் செய்பவருக்கு 16, மூன்று நாட்கள் செய்பவருக்கு 12, ஒரே ஒரு நாள் செய்பவருக்கும் 4 நாட்கள். ஒரு நாளில் எத்தனை மணித்தியாலம் வேலை செய்கிறார் என்பது நாட்களின் எண்ணிக்கையை மாற்றாது. மாதம் என்ன சம்பளம் எடுக்கிறார், அது மினிஜொப்பா, நிரந்தர வேலையா, ஒப்பந்தம் எழுத்தில் இருக்கிறதா என்பவையும் இந்த உரிமையைத் தொடுவதில்லை. மினிஜொப் என்பது வரிக்கும் சமூகக் காப்புறுதிக்கும் உரிய ஒரு பிரிவு மட்டுமே. தொழிற்சட்டத்தின் கண்ணில் அக்காவும் முழுநேர ஊழியரும் ஒன்றுதான்.

அன்று எங்கள் சாப்பாட்டு மேசையில் நாட்காட்டிகளை விரித்துவைத்துக் கணக்குப் பார்த்தோம். வாரத்துக்கு மூன்று நாட்கள், ஆண்டுக்கு 12 நாட்கள், மூன்று ஆண்டுகளுக்கு 36 நாட்கள். 2024 இல் குறைந்தபட்ச மணிக்கூலி 12.41 யூரோ, அவருக்குக் கிடைத்ததும் அதுவே. ஒரு நாளுக்கு மூன்று மணித்தியாலம் என்றால் 37.23 யூரோ. வேலை முடிந்த பிறகு விடுமுறையை எடுக்க முடியாது என்பதால், எடுக்காத நாட்களைப் பணமாகக் கொடுக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அதற்குரிய தொகை வேலை முடிவதற்கு முந்தைய 13 வாரங்களின் சராசரிச் சம்பளத்தைக் கொண்டு கணக்கிடப்படுகிறது. 36 நாட்களுக்கு 1,340.28 யூரோ வந்தது. அக்கா அந்த எண்ணைத் தானே ஒருமுறை பெருக்கிப் பார்த்தார். பிறகு, "2022 ஆம் ஆண்டு லீவையெல்லாம் இப்ப கேட்கலாமா? அது முடிஞ்சு போயிருக்குமே" என்றார்.

அவருடைய சந்தேகம் நியாயமானது. சட்டத்தின் எழுத்தை மட்டும் படித்தால், விடுமுறையை அந்தந்த ஆண்டுக்குள் எடுத்துவிட வேண்டும். வேலைத்தலத்தின் அவசரமோ ஊழியரின் சொந்தக் காரணமோ இருந்தால் மட்டுமே அடுத்த ஆண்டின் மார்ச் 31 வரை நீட்டலாம். கேட்காதவன் இழந்தான் என்று நீதிமன்றங்களும் நெடுங்காலம் அதற்குப் பொருள் கொண்டிருந்தன. அதை மாற்றியது 2018 நவம்பர் 6 அன்று லக்சம்பேர்க்கிலுள்ள ஐரோப்பிய நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு. மாக்ஸ் பிளாங்க் ஆய்வுக் கழகத்தில் பத்து ஆண்டுகளுக்கு மேல் தற்காலிக ஒப்பந்தங்களில் பணிபுரிந்த ஒருவர், 2013 இறுதியில் வேலை முடிந்தபோது, முந்தைய இரு ஆண்டுகளில் எடுக்காத 51 நாட்களுக்குப் பணம் கேட்டார். அவர் உரிய காலத்தில் விண்ணப்பிக்கவில்லை என்பதே எதிர்த்தரப்பின் வாதமாக இருந்தது. வேலை உறவில் ஊழியரே பலவீனமான தரப்பு. ஆகவே விடுமுறை எடுக்கும்படி அவரை உண்மையாகவே தூண்டி, எடுக்காவிட்டால் அது காலாவதியாகும் என்பதை உரிய நேரத்தில் தெளிவாக அறிவித்ததை முதலாளிதான் நிரூபிக்க வேண்டும் என்று ஐரோப்பிய நீதிமன்றம் விளக்கியது. ஏர்ஃபுர்ட்டிலுள்ள மத்திய தொழில் நீதிமன்றம் 2019 பெப்ரவரி 19 அன்று அதை ஜேர்மன் சட்டத்தின் விளக்கமாகவே ஏற்றுக்கொண்டது.

இதன் பொருளை நான் பல முதலாளிகளுக்கு விளக்கியிருக்கிறேன், ஒவ்வொரு முறையும் எதிர்முனையில் ஒரு மௌனம் விழும். முதலில் பேச வேண்டியவர் முதலாளி. அவர் பேசாதவரை, சட்டம் தந்த அந்த நான்கு வாரங்கள் ஆண்டு முடிவில் அழிவதில்லை. அடுத்த ஆண்டின் நாட்களோடு சேர்ந்து வளர்ந்துகொண்டே போகும். ஒப்பந்தத்தில் ஒரு மூலையில் 'விடுமுறையை ஆண்டுக்குள் எடுக்க வேண்டும்' என்று பொதுவாக எழுதி வைத்திருப்பது பொதுவாக இதற்குப் போதாது. ஒவ்வொரு ஆண்டும், இன்ன ஊழியருக்கு இத்தனை நாட்கள் உள்ளன, தயவுசெய்து இன்ன திகதிக்குள் எடுக்கும்படி திட்டமிடுங்கள், இல்லையேல் அவை போய்விடும் என்று பெயரும் எண்ணும் குறிப்பிட்டுச் சொல்ல வேண்டும். சட்ட அளவுக்கு மேல் முதலாளி ஒப்பந்தத்தில் கூடுதலாகத் தரும் நாட்களுக்கு வேறு விதிகளை வகுத்துக்கொள்ளலாம் என்பது ஒரு விதிவிலக்கு.

எனக்கு நெஞ்சில் நிற்கும் வழக்கு இன்னொன்று. என்னைப் போலவே வரி ஆலோசனை அலுவலகம் ஒன்றில் கணக்காளராக 1996 முதல் 2017 வரை வேலை செய்த ஒரு பெண்மணியின் வழக்கு அது. வேலைப் பளுவினால் ஆண்டுதோறும் விடுமுறையை முழுமையாக எடுக்க முடியாமல் போய், நாட்கள் குவிந்துகொண்டே வந்தன. 2011 முடிவில் 76 நாட்கள் மிச்சம் இருந்ததை அவருடைய முதலாளியே எழுத்தில் உறுதிப்படுத்தியிருந்தார். வழக்கு வந்தபோது, மூன்று ஆண்டு காலவரம்பு கடந்துவிட்டது என்று எதிர்வாதம் வைக்கப்பட்டது. அறிவிக்க வேண்டியதை அறிவிக்காதவர், தன்னுடைய மௌனத்தையே காலவரம்பாக மாற்றிப் பலன் அடைய முடியாது என்ற கருத்தில் 2022 செப்டம்பர் 22 அன்று ஐரோப்பிய நீதிமன்றமும், அதைப் பின்பற்றி டிசம்பர் 20 அன்று ஏர்ஃபுர்ட் நீதிமன்றமும் தீர்ப்பளித்தன. எடுக்காத விடுமுறையில் 76 நாட்களுக்கு அவருக்கு 17,376.64 யூரோ கிடைத்தது. பிறருடைய கணக்குகளைப் பார்க்கும் தொழிலில் இருந்த ஒருவருக்கே இருபது ஆண்டுகள் இப்படிக் கழிந்திருக்கிறது என்றால், கடையின் பின்னறையில் நின்று உடுப்பு மினுக்கும் அக்காவை யார் குறை சொல்ல முடியும்?

ஆனால் காலவரம்பே இல்லை என்று எவரும் எண்ணிவிடக் கூடாது. வேலை முடிந்த பிறகு பணமாகக் கேட்கும் உரிமைக்கு, வேலை முடிந்த ஆண்டின் இறுதியிலிருந்து மூன்று ஆண்டு வரம்பு ஓடத் தொடங்கும். அதைவிட ஆபத்தானது ஒப்பந்தங்களிலும் தொழிற்சங்கங்கள் செய்யும் கூட்டு ஒப்பந்தங்களிலும் வரும் விலக்குக் காலம்: வேலை முடிந்து மூன்று மாதங்களுக்குள் எழுத்தில் கேட்காவிட்டால் எல்லாக் கோரிக்கைகளும் அற்றுப்போகும் என்ற ஒரே ஒரு வாக்கியம், கடைசிப் பக்கத்தில் சிறிய எழுத்தில் இருக்கும். ஆண்டுக்கணக்கில் அழியாமல் இருந்த நாட்கள், வேலையை விட்ட பிறகு ஒரே காலாண்டில் கைநழுவிப் போவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஒரு வேலையிலிருந்து விலகுகிறவர் முதலில் தேடிப் படிக்க வேண்டியது அந்த வாக்கியத்தைத்தான். அக்காவுக்கு எழுத்து ஒப்பந்தமே தரப்படவில்லை. அது தனியே ஒரு சட்ட மீறல். விடுமுறையின் அளவு உட்பட வேலையின் முக்கிய நிபந்தனைகளை ஊழியருக்கு எழுதிக் கொடுக்க வேண்டும் என்று முன்பிருந்தே சட்டம் உள்ளது, தவறினால் 2,000 யூரோ வரை அபராதம் விதிக்கலாம் என்பது 2022 ஆகஸ்ட் முதல் வந்தது. அந்த மீறல் இந்த ஒரு விஷயத்தில் அவருக்குச் சாதகமாகவே முடிந்தது, ஏனென்றால் விலக்குக் காலம் எழுதப்பட்ட தாளும் இருக்கவில்லை.

நாட்காட்டியைப் புரட்டியபோது, 2023 நவம்பரில் ஒரு வாரம் முழுவதும் '3' இல்லாமல் வெறுமையாக இருந்தது. காய்ச்சல் என்றார். மருத்துவரிடம் போய்ச் சான்றிதழும் எடுத்திருக்கிறார். அந்த மூன்று நாட்களுக்கும் சம்பளம் கொடுக்கப்படவில்லை. வேலையில் சேர்ந்து நான்கு வாரங்கள் கடந்த எந்த ஊழியருக்கும், ஒரு நோய்க்கு ஆறு வாரங்கள் வரை முதலாளி முழுச் சம்பளத்தையும் தொடர்ந்து கொடுக்க வேண்டும். மினிஜொப்பும் இதில் அடக்கம். சிறு முதலாளிக்கு இது தாங்க முடியாத பாரம் என்று சொல்பவர்கள், சட்டம் அதற்கும் வழி வைத்திருக்கிறது என்பதை அறிய வேண்டும். 30 ஊழியர்கள் வரை உள்ள நிறுவனங்கள் ஒவ்வொரு மாதமும் ஒரு சிறு பங்கைச் செலுத்துகின்றன. நோய்க்காலச் சம்பளம் கொடுத்தால், மினிஜொப் ஊழியருக்கு அதில் 80 வீதத்தை, மினிஜொப் வேலைகளை நிர்வகிக்கும் மினிஜொப் மையம் முதலாளிக்குத் திருப்பித் தருகிறது. அந்தப் படிவத்தை நிரப்பி அனுப்ப எனக்குப் பத்து நிமிடம்கூட ஆகாது. அந்தப் பங்கை மாதாமாதம் கட்டிக்கொண்டே, நோயாளியிடம் 'வராத நாளுக்குக் காசில்லை' என்று சொல்லி அனுப்புவது எனக்கு ஆற்றாமையைத் தருகிறது. மூன்று நாட்கள், ஒன்பது மணித்தியாலம், அந்த ஆண்டின் 12 யூரோ கூலிப்படி 108 யூரோ. அதையும் கணக்கில் சேர்த்தோம்.

விடுமுறையில் இருக்கும்போதே நோய் வந்தால், மருத்துவச் சான்றிதழ் உள்ள நாட்கள் விடுமுறையில் கழியாது என்பதையும் நம்மவர்கள் பலர் அறியவில்லை. யாழ்ப்பாணத்துக்குப் போன இடத்தில் டெங்கு வந்து பத்து நாள் படுத்துவிட்டுத் திரும்பி வந்து, லீவெல்லாம் வீணாகிவிட்டது என்று வருந்தியவர்களை எனக்குத் தெரியும். ஜேர்மனிக்குள் 2023 முதல் முதலாளியே சான்றிதழைக் காப்புறுதி நிறுவனத்திடமிருந்து கணினி வழியாகப் பெற்றுக்கொள்கிறார். வெளிநாட்டில் அந்த வசதி இல்லை. அங்கிருந்தே உடனடியாக முதலாளிக்குத் தகவல் சொல்லி, தங்கியிருக்கும் முகவரியையும் கொடுத்து, மருத்துவரிடம் தாளில் எழுதி வாங்க வேண்டும். அந்தத் தாளில் நோயின் பெயர் மட்டும் இருந்தால் போதாது, வேலை செய்ய இயலாத நிலை என்பதும் எந்தத் திகதியிலிருந்து எந்தத் திகதி வரை என்பதும் இருக்க வேண்டும்.

பிரசவ விடுமுறையையும் பிள்ளை பராமரிப்பு விடுமுறையையும் பற்றித் தனியே எழுத வேண்டும். இங்கே ஒன்றை மட்டும் சொல்கிறேன். பிரசவத்துக்கு முந்தைய ஆறு வாரமும் பிந்தைய எட்டு வாரமும் சேர்ந்த பாதுகாப்புக் காலத்தில் ஆண்டு விடுமுறை குறையாமல் சேர்ந்துகொண்டே இருக்கும். அதன் பின் எடுக்கும் பெற்றோர் விடுமுறையில், முழு மாதம் ஒன்றுக்குப் பன்னிரண்டில் ஒரு பங்கைக் குறைக்க முதலாளிக்கு உரிமை உண்டு, ஆனால் குறைக்கிறேன் என்று அவர் அறிவித்திருக்க வேண்டும். வேலை உறவு முடிந்த பிறகு அந்த அறிவிப்பைச் செய்ய முடியாது.

ஆண்டின் நடுவில் வேலை மாறுபவர்களும் ஏமாறுகிறார்கள். ஆறு மாதங்களுக்கு மேல் வேலையில் இருந்த ஒருவர் ஜூலை 31 அன்று விலகினால், பன்னிரண்டில் ஏழு பங்கு என்று கணக்குப் போட்டுக் கொடுப்பதே வழக்கமாக இருக்கிறது. சட்டமோ, ஆண்டின் முதற்பாதியில் விலகுபவருக்கு மட்டுமே அப்படிப் பங்கிட அனுமதிக்கிறது. ஜூன் 30 தாண்டியவருக்குச் சட்டரீதியான நான்கு வாரங்களும் முழுமையாக உரியவை. அதே ஆண்டில் புதிய முதலாளியிடம் மீண்டும் அதைக் கேட்க முடியாது, அவ்வளவுதான்.

முதலாளிகளின் பக்கம் நின்றும் யோசிக்க வேண்டும். என்னிடம் கணக்குக் கொடுக்கும் சிறு கடைக்காரர்களில் பெரும்பாலோர் ஏமாற்ற நினைப்பவர்கள் அல்லர். காலை ஐந்து மணிக்குச் சந்தைக்குப் போய், இரவு பத்து மணிக்குக் கடையைப் பூட்டி, தாங்களே ஆண்டுக்கணக்கில் விடுமுறை எடுக்காதவர்கள். தமக்கில்லாத ஒன்று தம் வேலையாளுக்கு உண்டு என்பது அவர்களுக்குத் தோன்றுவதே இல்லை. எனக்கு அவர்கள்மேல் கோபம் இல்லை. ஆனால் அவர்களுடைய அறியாமையின் செலவை அவர்களைவிடக் குறைவாகச் சம்பாதிப்பவர் ஏற்க வேண்டும் என்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. இந்த நாட்டில் குறைந்தபட்சக் கூலியைச் சுங்கத் திணைக்களம் சோதிக்கிறது, மினிஜொப் ஊழியரின் வேலை நேரப் பதிவைக் கேட்கிறது. விடுமுறை கொடுக்கப்பட்டதா என்று கதவைத் தட்டிக் கேட்க எந்த அதிகாரியும் வருவதில்லை. ஊழியரே எழுந்து நீதிமன்றம் போகாதவரை அந்த உரிமை தாளில் மட்டும் இருக்கும். சட்டத்தில் நான் காணும் பெரிய ஓட்டை இதுதான்.

அக்கா நீதிமன்றம் போனார். அதற்கு முன், முதலில் தொகையையும் நாட்களையும் குறிப்பிட்டு, இரண்டு வாரத் தவணை கொடுத்துப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பினோம். கடைக்காரர் தொலைபேசியில் அழைத்து, "மூன்று வருசத்தில் ஒருநாளாவது லீவு வேணும் என்று நீங்கள் கேட்டீர்களா?" என்று ஜேர்மன் மொழியில் சத்தமிட்டார். அக்கா பதில் சொல்லாமல் தொலைபேசியை என்னிடம் தந்தார். அவர் கேட்டிருக்க வேண்டியதில்லை, நீங்கள்தான் சொல்லியிருக்க வேண்டும் என்றேன். இணைப்பு துண்டிக்கப்பட்டது.

தொழில் நீதிமன்றத்தில் சட்டத்தரணி இல்லாமலே வழக்குப் பதியலாம். அங்குள்ள விண்ணப்பப் பிரிவில் ஓர் அலுவலர் நாம் சொல்வதைக் கேட்டு, உரிய வடிவில் எழுதித் தருவார். முதற்கட்டத்தில் தோற்றாலும் எதிர்த்தரப்புச் சட்டத்தரணியின் செலவை நாம் கொடுக்க வேண்டியதில்லை என்பதைச் சொன்ன பிறகுதான் அக்காவின் முகம் தெளிந்தது. அலுவலர் நாட்காட்டிகளைப் பிரதி எடுக்கச் சொன்னார். அக்கா சாமி படம் கசங்காதபடி ஒவ்வொரு தாளையும் உள்ளங்கையால் நீவி நீவிக் கொடுத்தார்.

சமரச அமர்வு இருபது நிமிடமும் நீடிக்கவில்லை. விடுமுறையைப் பற்றி எப்போதாவது எழுத்திலோ வாய்ச்சொல்லிலோ அறிவித்தீர்களா என்று நீதிபதி கேட்டார். கடைக்காரர் தம் கணக்காளரைப் பார்த்தார், கணக்காளர் கோப்பைப் பார்த்தார். 1,448.28 யூரோவையும் இரண்டு தவணையில் கொடுப்பதாக எழுதிக் கையெழுத்திட்டார்கள்.

இந்த ஜனவரியில் அக்கா மறுபடி ஒரு தாளோடு வந்தார். வாரத்துக்கு நான்கு நாட்கள் போகும் புதிய வேலைத்தலத்திலிருந்து வந்த கடிதம் அது. 2026 ஆம் ஆண்டில் உங்களுக்கு 16 நாட்கள் விடுமுறை உண்டு, டிசம்பர் 31 க்குள் எடுக்காவிட்டால் அவை காலாவதியாகும், விரும்பும் நாட்களை விரைவில் அறிவிக்கவும் என்று ஐந்தே வரிகளில் எழுதியிருந்தது. நான் தமிழில் வாசித்துச் சொன்னேன். அவர் கைப்பையிலிருந்து புது நாட்காட்டியை எடுத்து, ஹம் நகரத்துக் காமாட்சி அம்பாளின் தேர் வரும் வாரத்தைத் தேடி, அந்தக் கட்டங்களில் '3' க்குப் பதிலாக 'லீவு' என்று எழுதினார்.